ஓயாத ரீங்காரமும் மூன்றாவது முனையும்

படம் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியையும் நிறுத்தியாயிற்று. ஆனால் மூலையில் இருக்கும் சப்-வூஃபர் மட்டும் 'ம்ம்ம்...' என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருக்கிறது. பகலில் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலில் அது காதில் விழாது. தெரு அடங்கிய பிறகு அந்த வீட்டில் கேட்கும் ஒரே சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கத்தில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. வீட்டில் இல்லாதவர்களும் பள்ளியில் கேட்டிருப்பார்கள். திறன் வகுப்பறையில் மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்தவுடன் வரும். ஆண்டு விழா அன்று மைக் செட் போட்டவுடன் வரும். பெரும்பாலும் இந்த மூன்று இடங்களிலும் மூல காரணம் ஒன்றே. கண்டுபிடிக்கும் முறையும் ஒன்றே. அதற்கு வேண்டிய அறிவியல் முழுவதும் பத்தாம் வகுப்பு 'மின்னோட்டவியல்', 'ஒலியியல்' பாடங்களிலும், பன்னிரண்டாம் வகுப்பின் மின்காந்தத் தூண்டல் பாடத்திலும் இருக்கிறது. இன்னொரு காரணத்துக்காகவும் இதைப் பேச வேண்டியிருக்கிறது. ரீங்காரத்தை நிறுத்த ஊரில் பரவலாகச் செய்யப்படும் ஒரு குறுக்குவழி உயிருக்கு ஆபத்தானது. அதைப் பின்னால் பார்ப்போம்.

50 ஆ, 100 ஆ?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 சுற்று. இந்த 50 அதிர்வுகள் ஏதோ ஒரு வழியாக ஒலிபெருக்கிச் சுற்றுக்குள் புகுந்துவிட்டால், கூம்புத் தாளும் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசையும். அதுதான் அந்த 'ம்ம்ம்'. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே ரீங்காரமும் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் இருக்கும்.

தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்காத முனகல் சப்-வூஃபரில் மட்டும் கேட்பது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். சிறிய ஒலிபெருக்கியால் 50 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பவே முடியாது. சப்-வூஃபரோ அதற்காகவே செய்யப்பட்டது. ஏறத்தாழ 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான அடிக்குரல்தான் அதன் வேலை. நம் செவியும் 50 ஹெர்ட்ஸில் மந்தமானது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்கத் தேவையானதைவிட ஏறக்குறைய 40 டெசிபெல் கூடுதலாக இருந்தால்தான் 50 ஹெர்ட்ஸ் ஒலி காதுக்கு எட்டும். அப்படியும் கேட்கிறது என்றால் உள்ளே புகுந்திருப்பது அற்ப சொற்பம் அல்ல.

ரீங்காரம் எப்போதும் 50 ஹெர்ட்ஸிலேயே இருப்பதில்லை. 100 ஆகவும் இருக்கலாம். அந்த வேறுபாடுதான் நமக்குக் கிடைக்கும் முதல் துப்பு. பெருக்கியின் உள்ளே மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக மாற்றும் முழுஅலை திருத்தி இருக்கிறது. அது அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்துவிடுவதால், ஒரு நொடியில் 50 மேடுகளுக்குப் பதில் 100 மேடுகள் வருகின்றன. மேடு பள்ளங்களை நிரவிச் சமமாக்குவது பெரிய மின்தேக்கிகளின் பொறுப்பு. கடைக்காரர் மொழியில் 'கண்டென்சர்'. சில ஆண்டுகள் வெயிலிலும் சூட்டிலும் இருந்து அது வற்றி, தலை உப்பிப் போனால் நிரவல் குறையும். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழும். ஆக, வெளியிலிருந்து புகுந்தது பெரும்பாலும் 50 ஆகவும், உள்ளேயே பிறந்தது பெரும்பாலும் 100 ஆகவும் இருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய உங்கள் பள்ளியின் இசை ஆசிரியர் போதும். 50க்கும் 100க்கும் உள்ள தொலைவு சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் உள்ள தொலைவுதான். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கைபேசி. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' செயலியில் ஒலி நிறமாலை என்றொரு பகுதி உண்டு. கைபேசியைச் சப்-வூஃபர் அருகே பிடித்தால் எந்த அதிர்வெண்ணில் முகடு எழுகிறது என்று திரையில் தெரியும். சில கைபேசிகளின் மைக் 50 ஹெர்ட்ஸைச் சரியாக வாங்காது. அப்போது 150, 250 ஆகியவற்றில் முகடு இருக்கிறதா என்று பாருங்கள். அவை 50இன் ஒற்றைப்படை மடங்குகள்.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மின்விசிறி 'ர்ர்ர்' என்று உறுமுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. விலை குறைந்த இன்வெர்ட்டர் தருவது சீரான சைன் அலை அல்ல. அது சதுர அலை. அதில் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் நிறைய. தெருமுனை மின்மாற்றி முனகுவது 100 ஹெர்ட்ஸில். காந்தப்புலம் எந்தத் திசையில் ஏறினாலும் இரும்பு உள்ளகம் ஒரேபோல நுண்ணளவு உருமாறும் என்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அது அதிர்கிறது. பழைய டியூப்லைட் சோக்கும் அப்படியே. சப்-வூஃபரின் பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றியே நேரடியாக அதிர்ந்து சத்தம் போடுவதும் உண்டு. கூம்பின் மீது காதை வைத்தால் ஒன்றும் கேட்காது, பெட்டியின் பின்புறம் மட்டும் கேட்கும். அது வேறு சிக்கல். கீழே சொல்லும் எதனாலும் அது தீராது.

கழற்றிக் கழற்றிப் பார்த்தல்

ரீங்காரத்தைத் தேடும்போது பலரும் ஒரே நேரத்தில் நான்கு வயர்களைப் பிடுங்கி மாற்றி மாட்டுவார்கள். சத்தம் நின்றுவிட்டால், எதனால் நின்றது என்று தெரியாது. மறுநாள் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே சரியான முறை. மற்றவற்றை மாறிலியாக வைத்து ஒரு காரணியை மட்டும் மாற்றச் சொல்லி ஆய்வகத்தில் கற்பிக்கிறோமே, அதுதான் இது.

முதலில் சப்-வூஃபரில் மின்வயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா வயர்களையும் கழற்றிவிடுங்கள். சத்தம் தொடர்கிறதா? ஒலியளவுத் திருகைப் பூச்சியம் வரை குறைத்தாலும் மாறவில்லையா? அப்படியானால் நோய் உள்ளே இருக்கிறது. மின்தேக்கியை மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியைத் திறப்பது பழுதுபார்ப்பவரின் வேலை, நம்முடையது அல்ல. அணைத்த பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எடுத்துப் போக வேண்டிய இடம் தாம்பரத்திலேயே கிடைக்கும். பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது ரிச்சி தெரு.

வயர்களைக் கழற்றியவுடன் சத்தம் நின்றுவிட்டால் நல்ல செய்தி. சப்-வூஃபருக்கு உடல்நலக் குறைவு இல்லை. இப்போது சார்ஜர் செருகாத கைபேசியையோ மடிக்கணினியையோ ஒலி வயரால் அதனோடு இணையுங்கள். அமைதியாகப் பாடுகிறதா? அப்படியே சார்ஜரை மின்செருகியில் போடுங்கள். பல வேளைகளில் அந்த நொடியே ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். திறன் வகுப்பறை ஆசிரியர்கள் இதை அறிவார்கள். பேட்டரியில் ஓடும்போது தெளிவாக இருக்கும் மடிக்கணினி, சார்ஜர் போட்டவுடன் கரகரக்கும்.

கடைசியாகத் தொலைக்காட்சி. முதலில் கேபிள் டிவி வயரை செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு இணையுங்கள். பிறகு கேபிளை மாட்டுங்கள். நம் வட்டாரத்து அடுக்குமாடிகளில் இந்தக் கட்டத்தில்தான் குற்றவாளி அகப்படுவது அதிகம்.

வட்டமாகச் சுற்றும் மின்னோட்டம்

கேபிள் வயருக்கும் சப்-வூஃபருக்கும் என்ன பகை? வயரை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வலைபோல ஓர் உலோக உறை. இந்த உறை கம்பத்திலிருந்து நம் வீடு வரை, பக்கத்து வீடு வரை, எதிர்வீடு வரை அறுபடாமல் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் செட்டாப் பெட்டியின் அடாப்டர் இரண்டு முனை கொண்டது. அதற்குள் மின்காந்த இடையூறைத் தடுக்க வைத்த சிறு மின்தேக்கி வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். சார்ஜரில் இருக்கும் மடிக்கணினியின் உலோகப் பகுதியைப் புறங்கையால் தடவினால் சுருசுருவென்று உணர்வோமே, அதே கசிவு. ஒரு வீட்டுக் கசிவு அற்பம். தெருவிலுள்ள வீடுகளின் கசிவெல்லாம் ஒரே உறையில் சேர்ந்தால் அவ்வளவு அற்பம் அல்ல. அந்த மின்னோட்டம் நிலத்துக்கு இறங்க வழி தேடிக்கொண்டிருக்கும். மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் உள்ள ஒரு கருவியைத் தொலைக்காட்சியோடு நாம் இணைத்தால், அதற்கு வழி திறந்துவிடுகிறது. மொட்டை மாடியில் டி.டி.எச். கிண்ணம் உள்ள வீடுகளிலும் கதை ஏறத்தாழ இதுவே. கிண்ணத்தின் இரும்புத் தாங்கி கட்டடக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது இரண்டாவது எர்த் ஆகிவிடும்.

இரண்டு இடங்களில் நிலத்தைத் தொடும் கருவிகளை ஒரு வயரால் இணைத்தால் மூடிய வளையம் ஒன்று உருவாகிறது. மின்பொறியாளர்கள் 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். நாம் புவித்தொடுப்பு வளையம் எனலாம். அந்த வளையத்தில் சுற்றும் மின்னோட்டம் ஒலி வயரின் உறை வழியாகப் போகிறது. ஒலிக் குறிப்பலையும் அதே உறையைத்தான் திரும்பும் வழியாகப் பயன்படுத்துகிறது. ஒரே சந்தில் இரண்டு வண்டி. எவ்வளவு மோதும் என்பதை ஓம் விதியால் கணக்கிடலாம். உறையின் மின்தடை 0.1 ஓம், சுற்றும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். பெருக்கினால் 1 மில்லிவோல்ட். வீட்டுக் கருவிகளின் ஒலிக் குறிப்பலை ஏறத்தாழ 300 மில்லிவோல்ட். முந்நூற்றில் ஒரு பங்கு. பாட்டு ஓடும்போது மறைந்திருக்கும், நிறுத்தியவுடன் தலைகாட்டும்.

வளையத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் ஊடே மாறும் காந்தப்புலம் சென்றால், ஃபாரடே சொன்னபடி, மின்னியக்கு விசை தானே பிறக்கும். 2 சதுர மீட்டர் பரப்புள்ள வளையம், 1 மைக்ரோ டெஸ்லா அளவுள்ள 50 ஹெர்ட்ஸ் புலம். 2π × 50 என்பது 314. அதை 0.000001ஆலும் 2ஆலும் பெருக்கினால் சுமார் 0.0006 வோல்ட், அதாவது 0.6 மில்லிவோல்ட். பன்னிரண்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டபின் ஒரு கேள்வி கேட்கலாம். சென்னையில் புவியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. நாற்பது மடங்கு பெரியது. அது ஏன் ரீங்காரம் எழுப்பவில்லை? 'அது மாறுவதில்லை' என்று ஒரு மாணவி சொல்லிவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது.

தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு மாறும் காந்தப்புலத்தை விளக்க ரயில் பாதையைக் காட்டினாலே போதும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியபோது மேலே சென்ற கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். 1960களில் அது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசைக்கு மாறியது. மேல்கம்பியில் போகும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவும், ஓரளவு மண் வழியாகவும் திரும்புகிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் இடையே பல மீட்டர் இடைவெளி. பெரிய, மிகப் பெரிய வளையம். 100 ஆம்பியர் என்றாலே 25,000 வோல்ட்டில் 2,500 கிலோவாட். இந்த முறை வந்த இடங்களில் எல்லாம் பாதையை ஒட்டிச் சென்ற தொலைபேசிக் கம்பிகளில் ரீங்காரம் புகுந்தது. அவற்றை உறையிட்ட கேபிளாக்கி மண்ணுக்குள் புதைக்க வேண்டியிருந்தது. திரும்பும் மின்னோட்டம் மண்ணில் சிதறாமல் தடுக்கத் தனி மின்மாற்றிகளும் வைக்கப்பட்டன. பாதைக்கு மிக அருகில் குடியிருப்பவர் வீட்டில் ரயில் கிளம்பும்போதெல்லாம் ரீங்காரம் ஏறி, போனபின் இறங்கினால் ரயிலைச் சந்தேகிக்கலாம். மற்றபடி ரயிலின் மீது பழி போடுவதற்கு முன்னால், தொலைக்காட்சிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் வயர்களை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

தீர்வு இந்த விளக்கத்திலேயே இருக்கிறது. வளையத்தைச் சுருக்க வேண்டும், அல்லது அறுக்க வேண்டும். தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, பெருக்கி மூன்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுத்தால் வளையத்தின் பரப்பு சுருங்கும். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும், செலவும் இல்லை. ஒலி வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மீந்த வயரைச் சுருட்டி வைப்பதைவிட நீளம் குறைந்த வயரை வாங்குவது மேல்.

இவ்வளவும் செய்து நிற்காவிட்டால் அறுக்க வேண்டியதுதான். ஆனால் எங்கே அறுப்பது? ஒலிக் குறிப்பலை போகும் பாதையில். 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று கேட்டால் கிடைக்கும் சிறு பெட்டிக்குள் இரண்டு சின்னஞ்சிறு மின்மாற்றிகள் உள்ளன. குறிப்பலை காந்தப் பாயமாக மாறி மறுபக்கம் போய்விடும். உலோகத் தொடர்பு மட்டும் இருக்காது. விலை சில நூறு ரூபாய். மலிவானதில் அடிக்குரல் சற்று மெலியக்கூடும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். தொலைக்காட்சியிலும் ஹோம் தியேட்டரிலும் 'ஆப்டிகல்' துளை இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் இழை வழியே ஒளிதான் போகிறது, ஒளிக்கு எர்த் கிடையாது. கேபிள் டிவி வயரில் மாட்டும் தனிமைப்படுத்தியும் உண்டு. புளூடூத்தும் இந்த வகையில் உதவும், படத்துக்கும் ஒலிக்கும் கொஞ்சம் கால இடைவெளி விழலாம் என்றாலும்.

மூன்றாவது முனை

இப்போது அந்தக் குறுக்குவழி. வளையத்தை அறுக்க மிக எளிய இடம் பிளக்கின் எர்த் முனை. அதை வெட்டி எறிந்தாலோ, மூன்று முனையை இரண்டு முனையாக்கும் அடாப்டரைப் போட்டாலோ, எர்த் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து இரண்டு முனை பிளக்கைச் செருகினாலோ ரீங்காரம் பல நேரம் உடனே நின்றுவிடும். நின்றுவிடுவதுதான் ஆபத்து. செய்தவருக்கு 'சரி செய்துவிட்டோம்' என்ற நிறைவு வந்துவிடும். அந்த பிளக் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். செருகும்போது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். கருவிக்குள் ஃபேஸ் கம்பி நைந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் வழியாகப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூசோ, எம்.சி.பி.யோ, ஆர்.சி.சி.பி.யோ துண்டித்துவிடும். எர்த் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. பெட்டி 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும். ரீங்காரம்கூட இருக்காது.

பள்ளி மேடையில் இது இன்னும் மோசம். பெருக்கியின் பெட்டிக்கு ஏறிய மின்னழுத்தம் அங்கேயே நிற்பதில்லை. மைக் வயரின் உறை பெட்டியோடு இணைந்திருக்கிறது. மைக்கின் உலோக உடல் உறையோடு இணைந்திருக்கிறது. அந்த மைக்கை ஒரு பிள்ளை கையில் பிடித்திருக்கிறது. மழை பெய்து ஈரமான மைதானம், வெறுங்கால், நடன உடை. நெஞ்சின் ஊடே சில பத்து மில்லி ஆம்பியர் போனாலே இதயத் துடிப்பு தடுமாறும். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும்படி வைக்கப்படுவது அதனால்தான். எர்த் சரியாக இருந்தால் கசிவு நேர்ந்தவுடனே அது துண்டிக்கும். எர்த் இல்லாத கருவியில், யாராவது தொட்ட பிறகுதான் துண்டிக்க முடியும்.

ஆகவே விழாவுக்கு முன் பள்ளியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. மைக் செட்டுக்கு வரும் ஜங்ஷன் பாக்ஸில் மூன்று கம்பி வயர்தானா, பச்சைக் கம்பி இரு முனையிலும் இணைந்திருக்கிறதா, பிளக்கில் எர்த் முனை இருக்கிறதா? ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? சந்தேகம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லி உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். 'தொட்டுப் பார்த்தேன், ஷாக் அடிக்கவில்லை' என்பது சோதனை ஆகாது. சில பெருக்கிகளில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்றொரு சுவிட்ச் இருக்கும். அது குறிப்பலையின் புவித்தொடுப்பை மட்டும் விலக்குகிறது, பிளக்கின் எர்த்தை அல்ல. அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டு கட்டடம், இரண்டு குழி

வீட்டில் அரிதாகவும் பள்ளியில் அடிக்கடியும் வரும் சிக்கல் ஒன்று. பழைய கட்டடத்துக்கு ஓர் எர்த் குழி, புதிய கட்டடத்துக்கு இன்னொன்று. பெருக்கி ஒரு கட்டடத்தில், கணினி மற்றதில், நடுவே நீண்ட வயர். இரண்டு குழிகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். மண் அப்படி நினைப்பதில்லை.

தென் சென்னையில் இது இடத்துக்கு இடம் மாறும். பல்லாவரம், திரிசூலம், தாம்பரத்துப் பச்சைமலை எல்லாம் சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து அந்தப் பாறைக்குப் பெயர் வந்தது, கல் போனது நம் பக்கத்திலிருந்து என்று புவியியலாளர்கள் சொல்வார்கள். இறுகிய பாறை மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. சில கிலோமீட்டர் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஈரக் களிமண், நன்றாக உள்வாங்கும். பாறைமேட்டில் தோண்டிய குழியில் கரியும் உப்பும் போட்டிருந்தாலும் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின்தடை ஏறிவிடும். ஒரு குழியின் மின்தடை 20 ஓம், அந்தக் கட்டடத்தில் உள்ள கணினிகளின் கசிவெல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் என்றால், குழியின் முனை மண்ணைவிட 1 வோல்ட் உயர்ந்து நிற்கும். நீண்ட வயரின் உறை அந்தக் கசிவுக்கு 20 ஓமைவிட மிக எளிய வழி. ஏறக்குறைய முழுதும் அதில் பாயும். உறையின் மின்தடை 1 ஓம் என்றால் 50 மில்லிவோல்ட் ரீங்காரம். மைக்கிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட்தான். பேச்சே கேட்காது. இங்கே ஒலி வயரில் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வைத்தே ஆக வேண்டும். கூடவே எர்த் குழியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ரீங்காரம் வந்ததால்தான் குழி வறண்டிருப்பது தெரிந்தது என்றால் அது தொல்லை அல்ல, உதவி.

தேர்ந்த மைக்செட்காரர் 50 மீட்டர் மைக் வயர் இழுத்தும் ரீங்காரம் இல்லாமல் நடத்துகிறாரே, எப்படி? அவருடைய மைக் வயரின் முனையில் மூன்று ஊசிகள் இருக்கும். உறைக்குள் ஒன்றல்ல, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள். ஒன்றில் குறிப்பலை நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வழியில் புகும் ரீங்காரம் இரண்டிலும் ஒரே அளவில், ஒரே திசையில் புகுகிறது. பெருக்கி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. குறிப்பலை 5, ரீங்காரம் 3 என்று வையுங்கள். ஒரு கம்பியில் 5 + 3, மற்றதில் −5 + 3. கழித்தால் 10. ரீங்காரம் காணாமல் போய்விட்டது. எட்டாம் வகுப்புக் கணக்கு. கம்பிகளை முறுக்கும் இந்த யோசனைக்குத் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்தான் 1881இல் காப்புரிமை பெற்றார்.

வகுப்பில் செய்ய

பேட்டரியில் ஓடும் சிறு ஒலிபெருக்கியும் அதற்கான ஒலி வயரும் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் செருகியிருக்கக் கூடாது, இது கட்டாயம். வயரின் ஒரு முனையை ஒலிபெருக்கியில் செருகி, மறுமுனையின் நுனியை ஒரு மாணவர் விரலால் தொடட்டும். 'ங்ங்ங்' என்ற ஒலி எழும். அந்தப் பிள்ளையின் உடலும் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக இருக்கின்றன. எதையும் தொடாமலே 50 ஹெர்ட்ஸ் உடலுக்கு வந்துவிட்டது. இப்போது அதையே மைதானத்தின் நடுவில் செய்து பாருங்கள். ஒலி குறையும். கட்டடத்தை நெருங்க நெருங்க ஏறும். எங்கே எவ்வளவு என்று மைதானத்தின் வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம். மின்மாற்றிக்கும் ரயில் பாதைக்கும் அருகே மட்டும் போகக் கூடாது.

சத்தம் போடும் சப்-வூஃபர் யாரிடமாவது இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 50ஆல் வகுத்தால் அலைநீளம் 7 மீட்டர். அதில் பாதி மூன்றரை மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. ஏறத்தாழ அந்த நீளமுள்ள கூடத்தில் 50 ஹெர்ட்ஸ் நிலை அலையாக நின்றுவிடும். சுவர் ஓரத்தில் ரீங்காரம் உரத்துக் கேட்கும், கூடத்தின் நடுவில் வந்து நின்றால் மெலிந்து போகும். சோபாவைச் சுவரை ஒட்டிப் போட்டிருப்பவருக்குத்தான் தொல்லை அதிகம்.

கடைசியாக ஒரு தகவல், பத்தாம் வகுப்பில் சொல்லலாம். மின்கட்டமைப்பின் அதிர்வெண் சரியாக 50இல் நிற்பதில்லை. பயன்பாடு கூடினால் கொஞ்சம் இறங்கும், குறைந்தால் ஏறும். பெரும்பாலும் 49.90க்கும் 50.05க்கும் இடையே வைத்திருக்கிறார்கள். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்கட்டமைப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாக மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே துடிப்பு. பெருங்களத்தூரில் ஒரு சப்-வூஃபரும் டெல்லியில் ஒரு சப்-வூஃபரும் முனகினால் இரண்டும் ஒரே சுருதியில்தான் முனகும். ஒலிப்பதிவு ஒன்றில் மெல்லக் கலந்திருக்கும் இந்த ரீங்காரத்தின் ஏற்ற இறக்கத்தை மின்கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அது எந்த நாளில் எந்த நேரத்தில் பதிவானது என்று தடயவியலாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.